கைராசியா, கைப்பழக்கமா?

(ஓசூரில் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்தாரும் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் இங்கு வேறொரு விஷயத்தைப் பற்றிப் பேசலாம் என்றுதான் வந்தோம். ஆனால் கூட்டத்துக்கு வரும் வழியில் டீக்கடையில் சற்று உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த இரண்டு தோழர்கள் பேசிக்கொண்ட சங்கதி நம் காதில் விழுந்தது. ஒருவர், "பெங்களூரில் இப்போது ரோபோவே கிட்னி ஆப்பரேஷன் செய்கிறதாம், டாக்டரே வேண்டியதில்லையாம்" என்றார். மற்றவர், "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே, எந்த யந்திரம் வந்தாலும் டாக்டருக்குக் கைராசி இருக்க வேண்டும், அது பிறவியிலேயே வர வேண்டும்" என்றார். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் இருவர் சொன்னதும் தப்பு. இந்த இரண்டு தப்புக்களினாலும் நமது மக்கள் பணத்தை இழக்கிறார்கள், சில சமயம் உயிரையும் இழக்கிறார்கள். ஆகவே இன்று இதையே பேசுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

முதலில் ரோபோ என்பதை எடுத்துக்கொள்வோம். ஓசூர்க்காரர்களாகிய உங்களுக்கு ரோபோ என்றால் என்ன என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1970-களில் சிப்காட் இங்கு வந்தது முதல் இந்த எல்லைப்புறம் யந்திரங்களின் ஊராக மாறிவிட்டது. இங்குள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளில் வெல்டிங் வைக்கிற, வர்ணம் அடிக்கிற யந்திரக் கைகளை உங்களில் பலர் தினமும் பார்க்கிறீர்கள். ஒருதரம் சொல்லிக்கொடுத்துவிட்டால், அது அந்த இடத்தில் அதே காரியத்தை ஆயிரம் தடவையும் மாறாமல் செய்யும். அதைப் பார்த்த கண்ணோடு, ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் ஒரு யந்திரக் கை தானாகவே வயிற்றைக் கிழித்துச் சிறுநீரகத்தை எடுத்துவிடும் என்று நினைப்பது இயற்கைதான்.

ரோபோ என்ற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? காரெல் சாப்பெக் என்னும் செக்கோஸ்லோவாகிய ஆசிரியர் 1920-இல் எழுதிய ஒரு நாடகத்தில்தான் அச்சொல் முதலில் வந்தது. அவர்கள் பாஷையில் அதற்கு மூலமான சொல்லுக்குக் கட்டாய ஊழியம் என்று அர்த்தம். அதாவது பண்ணையாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்கும் வேலை. நம் நாட்டில் வெட்டி வேலை என்று சொல்லி எத்தனையோ தலைமுறைகளாக மனிதனை மனிதன் வாங்கினானே, அதே வேலை. மனிதன் செய்த அடிமை வேலையை யந்திரத்துக்கு மாற்றினால் அதை வரவேற்கிறவர்கள் நாம். ஆனால் ஆஸ்பத்திரியிலுள்ள ரோபோ இந்த அர்த்தத்தில்கூட முழு ரோபோ அல்ல. ஏனென்றால் அது தானாக ஒன்றும் செய்யாது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நோயாளி மேசைமேல் மயக்கத்தில் இருப்பார். அவர் வயிற்றில் விரல் நுழைகிற அளவுகூட இல்லாத சில துளைகள் போட்டு, அவற்றின் வழியாக ஒரு கேமிராவும் மெல்லிய கருவிகள் இரண்டு மூன்றும் உள்ளே போகும். அவற்றை யந்திரக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். டாக்டரோ சில அடி தூரத்தில் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து, கண்களை அதில் பதித்து, உள்ளே இருப்பதைப் பத்து மடங்கு வரை பெரிதாக, ஆழமும் தெரியும்படியாகப் பார்ப்பார். அவருடைய விரல்கள் இரண்டு பிடிகளில் மாட்டியிருக்கும். அவர் விரலை மடக்கினால் உள்ளே கருவி மடங்கும். மணிக்கட்டைத் திருப்பினால் கருவியும் திரும்பும். அவர் மூன்று அங்குலம் நகர்த்தினால் உள்ளே ஓர் அங்குலம்தான் நகரும்படி வைத்துக்கொள்ளலாம். கையில் சிறு நடுக்கமிருந்தால் அதை யந்திரம் வடிகட்டிவிடும். அவர் கையை எடுத்துவிட்டாலோ, யந்திரம் அப்படியே நிற்கும். ஆகவே ஆப்பரேஷன் செய்கிறவர் மனிதர்தான். யந்திரம் அவர் கையின் நீளம், அவ்வளவுதான்.

இந்த நீளம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். 2001-ஆம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி ஜாக் மாரெஸ்கோ என்னும் பிரெஞ்சு டாக்டரின் கூட்டத்தார், அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் ஊரிலிருந்த ஒரு அம்மாளின் பித்தப்பையை இப்படிப்பட்ட ஒரு யந்திரத்தின் மூலம் எடுத்தார்கள். நடுவில் ஒரு மகா சமுத்திரம். நம் நாட்டிலும் மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே தூரம் வைக்கப் பலர் அறிவைச் செலவிட்டிருக்கிறார்கள். தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு, கண்டால் தீட்டு, இன்ன சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்தார்கள். அந்தத் தூரம் ஒருவனையும் பிழைக்க வைக்கவில்லை. தொடாமல் செய்யும் காரியத்தில் நன்மை தரும்படியான ஒன்றைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம்தான் வரவேண்டியிருந்தது.

நிற்க, சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குண்டிக்காய் என்று சொல்லுகிறோமே, அதுதான். முதுகின் இரு பக்கமும் கைமுட்டி அளவில் ஒவ்வொன்று. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் சிறு வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்று ஒன்றரை லிட்டரை மட்டும் மூத்திரமாக வெளியே தள்ளுகின்றன. இந்த வேலை நின்றால் மனிதன் சில நாட்களில் செத்துப்போவான். நிற்காமல் குறைந்துகொண்டே வந்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் யந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஷிப்டு வேலைக்காரன் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அவன் வேலை என்ன ஆகும், வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேலான வழி, வேறொருவருடைய சிறுநீரகத்தை வைத்துப் பொருத்துவது.

இந்த இடத்தில்தான் கையின் வேலை வருகிறது. பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் அதில் வேலை செய்கிறார்கள். அப்படி நிறுத்தினால் அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய புற்றுக்கட்டி இருந்தால், முழுச் சிறுநீரகத்தையும் எடுக்காமல் கட்டியை மட்டும் வெட்டி, மீதியைத் தைத்துக் காப்பாற்றலாம். ஆனால் இரத்தக் குழாயை இடுக்கிப் பிடித்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. சாதாரணமாக 25, 30 நிமிஷத்துக்குள் வெட்டித் தைத்து இடுக்கியை எடுத்துவிடத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். அதற்குமேல் போகப்போக மீதிச் சிறுநீரகமும் கெடும் பயம் அதிகமாகிறது. அந்த நேரத்தில் ராகுகாலமா எமகண்டமா என்று பார்க்க முடியாது. தையல் வருமா வராதா என்பதுதான் கேள்வி.

அந்தத் தையல் எப்படி வருகிறது? இதற்குத்தான் நம்மவர்கள் கைராசி என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஒரு டாக்டரிடம் போனவர் பிழைத்தால் கைராசிக்காரர் என்கிறார்கள். செத்தால் நோயாளியின் தலைவிதி என்கிறார்கள். இவ்விரண்டு பதில்களாலும் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் படித்தாரா, எத்தனை ஆப்பரேஷன் செய்திருக்கிறார், எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேருக்குத் தொந்தரவு வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. திறமைசாலி டாக்டரின் இருபது வருஷ உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையும் ராசிக்குப் போய்விடுகிறது. திறமையில்லாதவரின் தப்பும் விதிக்குப் போய்விடுகிறது. ஆகையால் கைராசி என்கிற சொல் நல்ல டாக்டருக்கும் சத்துரு, நோயாளிக்கும் சத்துரு என்று நாம் சொல்லுகிறோம்.

இதை வெறும் வாதமாகச் சொல்லாமல், இந்தத் தொழிலில் உலகம் ஒப்புக்கொண்ட ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக் காட்டுகிறோம். அவர் பெயர் டாக்டர் மணி மேனன். திருச்சூரில் பிறந்தவர். நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி ஜிப்மர் என்னும் சர்க்கார் வைத்தியக் கல்லூரியில் படித்தவர். பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். படிப்பு எந்த எந்தச் சாதிக்கு முதலில் எட்டிற்று, எதற்குக் கடைசியில் எட்டிற்று என்பது கேட்க வேண்டிய கேள்விதான். அதைப் பின்னால் கேட்போம். இப்போது நாம் பார்க்க வேண்டியது, அவர் கைக்குத் திறமை எங்கிருந்து வந்தது என்பது.

அவர் அமெரிக்கா போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பாதை வைத்தியத்தில் பயிற்சி பெற்றார். அங்கு பேர் பெற்றது உடனே ரோபோவினால் அல்ல. சிறுநீரகக் கல் ஏன் உண்டாகிறது என்ற ஆராய்ச்சியில் பல வருஷங்கள் உழைத்தார். மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையில் இளம் வயதிலேயே அத்துறைக்குத் தலைவரானார். 1997-இல் டெட்ராய்ட் நகரத்து ஹென்றி போர்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மோட்டார்க் கார்த் தொழிலின் தலைநகரம் அது. உங்களுடைய ஓசூரைப் போல யந்திரத்தோடு வாழும் தொழிலாளிகள் நிறைந்த ஊர்.

அப்பொழுது புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்குப் பெரிய கீறல் போட்டு ஆப்பரேஷன் செய்வதே வழக்கம். பாரிஸ் நகரத்தில் சில டாக்டர்கள் அதைச் சிறு துளைகள் வழியாக, நீண்ட நேரான கருவிகளைக் கொண்டு செய்து காட்டினார்கள். அந்தக் கருவிக்கு மணிக்கட்டு இல்லை. வெளியே கையை இடப்பக்கம் தள்ளினால் உள்ளே முனை வலப்பக்கம் போகும். படத்திலும் ஆழம் தெரியாது. ஆழமான குடத்துக்குள் நீண்ட இடுக்கியை விட்டு, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துத் தைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனன் அந்தப் பிரெஞ்சு டாக்டர்களைத் தம் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்துக் கற்றுக்கொண்டார். அவ்வித்தை அவருக்குச் சுலபமாக வரவில்லை. துறைத் தலைவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், பெரிய கீறல் ஆப்பரேஷனில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அவர் இருந்துவிட்டிருக்கலாம். அப்படி இருந்துவிடவில்லை. 2000-ஆம் வருஷ வாக்கில் டாவின்சி என்னும் ரோபோ யந்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அதில் மணிக்கட்டு இருக்கிறது, ஆழம் தெரிகிறது என்று கண்டு, மறுபடியும் மாணாக்கனைப் போல் உட்கார்ந்து பழகினார்.

பழகியதோடும் நிற்கவில்லை. ஒவ்வொரு ஆப்பரேஷனுக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு இரத்தம் போயிற்று, நோயாளி எப்போது வீட்டுக்குப் போனார், பிறகு என்ன ஆயிற்று என்று கணக்கு எழுதி, பழைய முறையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பத்திரிகைகளில் வெளியிட்டார். ராஜ் வட்டிக்குட்டி என்னும் இந்திய வம்சாவளி வியாபாரி கொடுத்த நன்கொடையால் அங்கு ஒரு நிலையமே ஏற்பட்டு, பல தேசத்து டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். தோழர்களே! கைராசி என்பது உண்மையாயிருந்தால் அதை இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? கற்றுக்கொடுக்க முடிகிறது என்பதே அது ராசியல்ல, பழக்கம் என்பதற்கு ருஜுவு.

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். 1954 டிசம்பரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் மர்ரே என்பவர், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து முதல் வெற்றி கண்டார். நம் நாட்டில் 1971-இல் நமது வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில்தான் உயிரோடிருப்பவர் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தும் ஆப்பரேஷன் முதல்முதல் வெற்றியாயிற்று. கிருஷ்ணகிரியிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம்? காலையில் பஸ் ஏறினால் மத்தியான சாப்பாட்டுக்குள் போய்விடலாம். உலகத்து அறிவு நம் வாசலுக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. நமக்குத்தான் அது தெரியாமல் வேறு வாசல்களைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆப்பரேஷனுக்கும் அடிவயிற்றில் நீண்ட கீறல் வேண்டியிருந்தது. அதை ரோபோ மூலம் சிறு வழியில் செய்ய வேண்டுமென்றால் ஒரு பெரிய தடை. வெளியே எடுத்த சிறுநீரகத்தை ஐசில் வைத்திருப்பார்கள். சூடான வயிற்றுக்குள் வைத்ததும் அது சூடாகத் தொடங்கும். குழாய்களைத் தைத்து முடிப்பதற்குள் கெட்டுப்போகலாம். மேனனும், டெல்லிக்குப் பக்கத்தில் குர்கான் மேதாந்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜேஷ் அஹ்லாவத்தும், அவர்கள் கூட்டத்தாரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். மாவு போல அரைத்த ஐசை வயிற்றுக்குள்ளேயே சிறுநீரகத்தைச் சுற்றிப் போட்டு, அதை ஏறக்குறைய 20 டிகிரி குளிர்ச்சியில் வைத்துக்கொண்டு தைப்பது. கேட்பதற்குச் சின்ன யுக்திதான். ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

எடுத்த எடுப்பில் ஒரு ஏழை நோயாளியின் மேல் பரீட்சித்துப் பார்க்கவில்லை. முதலில் குளிர்ச்சி வைக்கும் முறையைத் தனியாகச் சோதித்தார்கள். பிறகு இறந்தவர் உடலில் முழு ஆப்பரேஷனையும் செய்து பழகினார்கள். அதன் பிறகே 2013 ஜனவரியில், பார்த்துப் பொறுக்கிய சில நோயாளிகளுக்குச் செய்தார்கள். அவ்வருஷம் அக்டோபருக்குள் ஐம்பது பேருக்குச் செய்து, ஒவ்வொரு படியையும் மற்ற டாக்டர்கள் பார்த்துச் செய்யும்படி அச்சிட்டு வெளியிட்டார்கள். ரகசியம் என்று மறைக்கவில்லை. இது எங்கள் பரம்பரைக்கு மட்டும் என்று சொல்லவில்லை. நமது நாட்டில் எத்தனை வித்தைகள், தகப்பன் மகனுக்குக்கூடச் சாகும்போதுதான் காதில் சொல்ல வேண்டும் என்று பூட்டி வைத்து, பூட்டியவனோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டன! அந்தப் பழக்கத்தையும் இந்தப் பழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கதியும் இங்கு யோசிக்கத்தக்கது. கத்தி பிடிக்கும் தொழில் ஒரு காலத்தில் எங்கும் தாழ்ந்த தொழிலாகவே இருந்தது. இங்கிலாந்தில் நாவிதர்களும் ரண வைத்தியர்களும் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தார்கள். நம் கிராமங்களில் கட்டியைக் கீறுவதும் பிரசவம் பார்ப்பதும் யாருடைய வேலையாக இருந்தன? சவரம் செய்யும் குலத்தாருடைய வேலையாக இருந்தன. அவர்களுக்கு மருத்துவர் என்றும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மருத்துவச்சி என்றும் பெயர். ஆனால் அவர்கள் திண்ணையில் ஏறக்கூடாது. பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்று படித்தவர்கள் ஒதுங்கிய காலத்தில், 1836-இல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் பிணத்தை அறுத்துப் பார்த்தது ஒரு பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. இன்று அதே கத்தி வேலைக்கு லட்சக்கணக்கில் வரும்படி. அதற்கான படிப்புக்கு எல்லாச் சாதியாரும் முண்டியடிக்கிறார்கள். தொழிலில் தீட்டு இருந்ததா, வரும்படியில்லாததில் தீட்டு இருந்ததா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிறுநீரகத்துக்குச் சாதி உண்டா என்றும் பாருங்கள். ஒருவருடையது மற்றவருக்குச் சேருமா என்று பார்க்க இரத்த வகுப்பைப் பார்க்கிறார்கள். 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டு சொன்ன வகுப்புக்கள் அவை. இன்னும் சில உள்பொருத்தங்களையும் பார்க்கிறார்கள். கோத்திரம் பார்க்கிறார்களா? குலம் பார்க்கிறார்களா? சொந்தத் தம்பியினுடையது சேராமலும், முன்பின் தெரியாதவருடையது சேர்ந்தும் போகிறது. சாகக் கிடக்கும்போது யாருடைய உறுப்பும் வேண்டும், பிழைத்து எழுந்த பிறகு அவர் வீட்டுத் தண்ணீர் வேண்டாம் என்றால், இதைவிட அயோக்கியத்தனம் வேறு என்ன இருக்கிறது?

நிற்க, யந்திரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டும். ஆயுத பூஜை வந்தால் தொழிற்சாலையில் யந்திரக் கைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அந்த யந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் கைகட்டி நிற்கிறான். யந்திரம் நின்றுபோனால் எலுமிச்சம்பழத்தையா கூப்பிடுகிறோம்? மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறோம். இதுபோலவே ஆஸ்பத்திரி ரோபோவுக்கும் பூ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூ வைப்பதாவது ஒரு நாள் கூத்து. அதைவிட ஆபத்தான பூஜை ஒன்று உண்டு. ரோபோ என்று போர்டு வைத்துவிட்டால் அதுதான் மேலானது, வீட்டை விற்றாவது அதைத்தான் செய்ய வேண்டும் என்று நம்புகிறோமே, அதுவும் பூஜைதான்.

விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது? முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடும் ஆப்பரேஷனைப் பற்றி, அமெரிக்காவில் 23,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை ஆராய்ந்து 2017-இல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். சாதாரணத் துளைக் கருவியால் செய்ததற்கும் ரோபோவால் செய்ததற்கும் பெரிய தொந்தரவுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் ரோபோவில் நேரம் அதிகம் பிடித்தது, செலவும் அதிகமாயிற்று. இதனால் ரோபோ உதவாது என்று அர்த்தமல்ல. கட்டியை மட்டும் வெட்டி மீதியைத் தைக்க வேண்டிய இடத்திலும், நுட்பமான தையல் வேண்டிய இடத்திலும் அதன் மணிக்கட்டு உதவும். வெறுமனே எடுத்துவிட வேண்டிய இடத்தில் பழைய கருவியே போதுமானதாக இருக்கலாம். எந்த இடத்துக்கு எது என்று பகுத்துப் பார்ப்பதுதான் பகுத்தறிவு. எதிர்ப்பதிலும் குருட்டுத்தனம் வேண்டாம், ஏற்பதிலும் குருட்டுத்தனம் வேண்டாம்.

ஆகையால் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி ஓர் ஆப்பரேஷன் வேண்டும் என்று சொன்னால், சோதிடனிடம் நாள் கேட்கப் போகாமல் டாக்டரிடமே நான்கு கேள்விகள் கேளுங்கள். "இந்த ஆப்பரேஷன் எனக்கு அவசியமா? ரோபோ இல்லாமல் செய்தால் எனக்கு என்ன குறையும்? தாங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு, சர்க்கார் காப்பீட்டில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். கணக்கு வைத்திருக்கிறவருக்குக் கணக்குக் கேட்டால் என்ன பயம்?

பணமுள்ளவனுக்குத்தானே இதெல்லாம் என்று சிலர் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. யந்திரத்தின் விலை பல கோடி. அதன் கருவிகளையும் இத்தனை தடவைக்கு மேல் உபயோகிக்கக் கூடாது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பொதுப் பணத்தில் இதைச் செய்ய முடியாது என்பது பொய். 2022-இல் சென்னை ஓமந்தூரார் தோட்டத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரோபோ ஆப்பரேஷன் நிலையம் திறக்கப்பட்டது. அதே 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளில் நமது கிருஷ்ணகிரிக் கல்லூரியும் ஒன்று. ராகி விளைவிக்கிறவன் மகளும், கல் உடைக்கிறவன் மகனும் டாக்டராக முடியும் என்பதற்கு இந்த ஜில்லாவிலேயே ஒரு கட்டடம் எழுந்திருக்கிறது. படிப்பு யாருக்குக் கடைசியில் எட்டிற்று என்று முன்பு ஒரு கேள்வியை நிறுத்தி வைத்தோமே, அதற்குப் பதில் அந்தக் கட்டடத்தின் வாசலில் இருக்கிறது. அந்த வாசலில் உங்கள் பிள்ளைகள் நுழைகிறார்களா, அல்லது வெளியே நின்று பார்க்கிறார்களா என்பதுதான் இந்த ஊரின் எதிர்காலம்.

ஆப்பரேஷன் வரை போகாமல் தடுப்பதும் நம் கையில் இருக்கிறது. சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியமான காரணங்கள் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும். இரண்டும் வெகு நாள் வலியில்லாமல் வேலை செய்யும் திருடர்கள். இவ்விரண்டுக்கும் மருந்தை வீடு தேடிக் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கிய இடம் எது? நமது கிருஷ்ணகிரி ஜில்லாச் சாமனப்பள்ளி கிராமம். வீட்டிலேயே வயிற்றின் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு அதற்கான பைகளைக் கொடுப்பதும் அத்திட்டத்தில் சேர்ந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், வருஷத்துக்கு ஒருதரம் மூத்திரத்தையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ள நமக்கு நேரமில்லை. ஷிப்டு முடிந்து முதுகு வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்காக விழுங்குகிறோம். யார் செய்தது, உள்ளே என்ன உலோகம் என்று தெரியாத பஸ்பத்தை நம்பித் தின்கிறோம். இவையெல்லாம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. கெட்ட பிறகு மொட்டையடித்தால் மயிர்தான் போகும், வியாதி போகாது.

கடைசியாக ஒன்று. உறுப்பை விலைக்கு விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் 2025-இல் நாமக்கல் ஜில்லாப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர் மூலம் விலைபோனதாகச் செய்தி வந்து, நாடே திடுக்கிட்டது. கடனுக்குத் தறியை விற்று, வீட்டை விற்று, கடைசியில் உடம்பையே விற்கும் நிலைக்குத் தொழிலாளி வந்திருக்கிறான். எவ்வளவு நுட்பமான யந்திரம் வந்தாலும், ஏழையின் உடம்பு பணக்காரனுக்கு உதிரிச் சாமான் கடையாக இருக்குமானால் அது நாகரிகமல்ல. இதற்கு மாற்று, மூளை செயலற்று இறந்துவிட்டவர்களின் உறுப்புக்களைக் கொடுப்பதுதான். தமிழ்நாட்டில் அதற்கான ஏற்பாடு 2008 முதல் நடந்து வருகிறது. அப்படிக் கொடுப்பவர்களின் இறுதிச் சடங்கு சர்க்கார் மரியாதையோடு நடக்கும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. உறுப்புக் குறைந்த உடம்போடு போனால் அடுத்த ஜன்மத்தில் குருடனாய்ப் பிறப்பான், முடவனாய்ப் பிறப்பான் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். மண்ணுக்கும் நெருப்புக்கும் போவது இன்னொரு மனிதனுக்குப் போகட்டுமே!

ஆகவே தோழர்களே! டீக்கடையில் பேசிய அந்த இரண்டு தோழர்களும் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று நம்புகிறோம். முதல் தோழருக்கு நாம் சொல்வது, ஆப்பரேஷன் செய்வது ரோபோ அல்ல, மனிதன் என்பது. இரண்டாவது தோழருக்கு நாம் சொல்வது, அந்த மனிதன் கையில் இருப்பது ராசியல்ல, பழக்கம் என்பது. ராசியானால் நமக்கு அதில் வேலையில்லை, கும்பிட்டுவிட்டுப் போகலாம். பழக்கமானால் அதை நம் பிள்ளைகளும் பழகலாம். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கல்லூரி வேண்டும், சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டும். இவைகளைக் கேட்டுப் பெறும் தைரியம் நமக்கு வேண்டும். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நமது பேச்சை இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.